வரச்சொன்னவர்கள்

அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரம், ஊழியத்துக்கு இடம் தேடியவர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் படித்த பகுதி. பவுலும் அவரோடு இருந்தவர்களும் ஆசியாவில் வசனம் சொல்லத் தடைபடுகிறார்கள். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார்கள், அதுவும் கூடிவரவில்லை. துரோவா துறைமுகத்தில் ஓர் இரவு, மக்கெதோனியா தேசத்து மனிதன் ஒருவன் எதிரே நின்று, வந்து உதவும்படி மன்றாடுவதாகப் பவுல் தரிசனம் காண்கிறார். மிஷனெரி வரலாறுகள் இந்தத் தரிசனத்தைக் கண்டவரைப் பற்றி நிறையவே பேசியிருக்கின்றன. மன்றாடியவன் யார் என்று விசாரித்தது குறைவு. அதே அதிகாரத்தை மேலே படித்தால் விடை கிடைக்கிறது. பிலிப்பி பட்டணத்து ஆற்றங்கரையில் பவுலின் பேச்சுக்குச் செவிகொடுத்து, வீட்டுக்கு வந்து தங்கும்படி வற்புறுத்தியவள் லீதியாள் என்ற பெண். அவள் பிலிப்பியின் பூர்வகுடியும் அல்ல. தியத்தீராவிலிருந்து வந்து இரத்தாம்பரம் விற்றவள். தியத்தீரா இருப்பது, எந்த ஆசியாவில் பேசக்கூடாது என்று பவுல் தடுக்கப்பட்டாரோ அதே ஆசியாவில். புதிய இடத்தின் கதவைத் திறந்தவள், பிழைப்புக்காக ஊர்பெயர்ந்து வந்த ஒரு வியாபாரி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் புராட்டஸ்டண்டு ஊழியம் ஊர் ஊராகப் பரவிய வரலாற்றை இந்த ஒரு குறிப்போடு படித்தால், அது வேறு வரலாறாகத் தெரியும் என்பது என் வாதம். புறப்படு என்ற உந்துதல் ஊழியக்காரரின் உள்ளத்தில் பிறந்திருக்கலாம். எங்கே என்பதைக் காட்டியவர்கள் பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்த எளியவர்கள். கடவுளின் நடத்துதல் என்று அந்தச் சபைகள் சொன்னது, நடைமுறையில், இவர்களுடைய கோரிக்கைக்குக் காதுகொடுப்பதாகவே இருந்தது.

உள்ளத்து உந்துதல் மட்டும் இடத்தைச் சரியாகக் காட்டியதில்லை என்பதற்குத் தொடக்கத்திலேயே சான்று இருக்கிறது. பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் மிஷனுக்கு ஆட்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது முதலில் பேசப்பட்ட இடம் மேற்கிந்தியத் தீவுகள். பிறகு ஆப்பிரிக்காவின் கினிக் கரை. அதற்குப் பிறகுதான் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9ஆம் தேதி அவர்கள் வந்து இறங்கிய ஊர் அவர்கள் கேட்டுப் பெற்றதல்ல. வில்லியம் கேரியின் மனம் முதலில் நாடியது தென்கடல் தீவுகளை. வங்காளத்தில் கப்பல் மருத்துவராக இருந்து திரும்பிய ஜான் தாமஸைச் சந்தித்த பின்பே 1793இல் அவர் வங்காளத்துக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி மிஷனெரிகளை விரும்பாததால் 1800இல் டேனியர் வசமிருந்த செராம்பூரில் ஒதுங்கினார். 1812இல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தா வந்த முதல் குழுவைக் கம்பெனி வெளியேறச் சொன்னது. அதில் ஜட்சன் பர்மாவுக்குப் போனார். நியூவெல் மொரீஷியஸில் மனைவியைப் புதைத்துவிட்டு இலங்கைக்கு வந்தார். அவர் யாழ்ப்பாணத்தைப் பரிந்துரைத்து எழுதினார். 1816இல் அமெரிக்கர்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கினார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் தமக்கு அழைப்பு உண்டு என்பதில் உறுதியாக இருந்தவர்கள்தாம். அந்த உறுதி வீட்டை விட்டுப் புறப்படப் போதுமானதாக இருந்தது; போய்ச்சேர வேண்டிய ஊரை அது சொல்லவில்லை. அடைபட்ட கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டித்தான் அவர்கள் இடத்தை அறிந்தார்கள்.

திறந்த கதவுகளைத் திறந்தவர்கள் யார் என்பதற்குத் திருநெல்வேலியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அந்தச் சபையின் வரலாற்றை எழுதியவர்கள் பலர் ஓர் ஐரோப்பியரின் வருகையிலிருந்து தொடங்குவார்கள். பதிவேடுகள் அப்படித் தொடங்கவில்லை. தரங்கம்பாடியில் பயின்று திருச்சியிலும் பின்பு தஞ்சையிலும் ஊழியம் செய்த கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ், 1771ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில், பாளையங்கோட்டையில் சவரிமுத்து என்ற கிறிஸ்தவர் இருப்பதையும், அவர் அங்குள்ளவர்களுக்கு வேதத்தைப் படித்துக் காட்டுவதையும் எழுதியிருக்கிறார். அந்தக் கோட்டைக்குள் எந்த மிஷனெரியும் அதுவரை தங்கியதில்லை. அடுத்து வருகிறவர் கிளாரிந்தா. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த மராத்திப் பிராமணக் குடும்பத்துப் பெண். இளம் வயதில் கைம்பெண்ணாகி, லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்து, அவரிடம் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கற்றவர். ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் மறுத்தார். மணமில்லாத அந்த உறவு அவருக்குத் தடையாக இருந்தது. அதிகாரி இறந்த பின், 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது கிளாரிந்தாவுக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. 1780இல் எழுதத் தொடங்கிய சபைப் பதிவேட்டில் 40 பேரின் பெயர்கள் இருந்தன. 1785இல் கிளாரிந்தாவின் முயற்சியால் எழுந்த ஆலயத்தை ஊரார் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். மறுக்கப்பட்ட ஒருவர், ஊராரும் உறவினரும் ஒதுக்கிய ஒருவர், ஒரு சபையை நடத்திக்கொண்டு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தஞ்சையிலிருந்து ஆள் வரவேண்டும் என்று காத்திருந்தார். தஞ்சையிலிருந்து சத்தியநாதன் உபதேசியாராக வந்தார். 1790 டிசம்பர் 26ஆம் தேதி அவருக்குத் தஞ்சையில் குருப்பட்டம் கொடுத்தார்கள். அன்று அவர் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சாயிற்று. மறு ஆண்டு அவர் பாளையங்கோட்டையின் குருவாகத் திரும்பினார். சவரிமுத்துவின் பெயர் எழுதப்பட்டதிலிருந்து சத்தியநாதன் குருவாக வந்து சேர்ந்தது வரை இருபது ஆண்டுகள்.

அந்த இருபது ஆண்டுகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தேவ நடத்துதல் என்றால் மின்னல்போல் ஒரு கணத்தில் விளங்கிவிடுவது என்றொரு எண்ணம் பக்தி நூல்களால் நம்மிடையே பரவியிருக்கிறது. தஞ்சை மிஷன் நடந்துகொண்ட விதம் அதற்கு நேர் எதிரானது. கோரிக்கை வந்தது, தயங்கினார்கள், மறுத்தார்கள், ஒருமுறை போய்ப் பார்த்தார்கள், சில ஆண்டுகள் விட்டு மறுபடி போனார்கள், உபதேசியாரை அனுப்பிப் பார்த்தார்கள், அவருடைய ஊழியம் நிலைத்த பிறகு அவருக்கே குருப்பட்டம் கொடுத்தார்கள். கேட்டவர்கள் சலிக்காமல் கேட்டதும், அனுப்பியவர்கள் அவசரப்படாமல் சோதித்ததும் சேர்ந்துதான் ஒரு தீர்மானமாயிற்று. ஒருவருடைய தனிப்பட்ட தரிசனத்தில் அந்தச் சபை நிற்கவில்லை. அதனாலேயே சத்தியநாதனும், அவருக்குத் துணையாக 1791இல் வந்து ஓயாத காய்ச்சலோடு போராடி 1800இல் இறந்த மிஷனெரி ஜெனிக்கேயும் போன பின்பும் அது கலையவில்லை.

பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் இருந்த சபை தெற்கே தேரிக்காட்டுக்குப் போனதும் இதே வழியில்தான். சாத்தான்குளத்துக்குப் பக்கத்துக் காலங்குடியைச் சேர்ந்த சுந்தரானந்தம் என்ற நாடார் இளைஞர், வீட்டை விட்டு அலைந்து தஞ்சைக்குப் போய், அங்கே படித்து, தாவீது என்ற பெயரில் கிறிஸ்தவரானார். 1796இல் அவர் உபதேசியாருக்கு உதவியாளராகச் சொந்தச் சீமைக்குத் திரும்பினார். முதலில் போனது உறவினர் வீடுகளுக்கு. அடுத்த ஆண்டே சத்தியநாதன் அந்தக் கிராமங்களில் ஞானஸ்நானம் கொடுத்தார். எதிர்ப்பு வந்து ஜெபக்கூடங்கள் எரிந்தபோது, துரத்தப்பட்டவர்களுக்காக நிலம் வாங்கி 1799இல் ஓர் ஊர் அமைத்தார்கள். அதுதான் முதலூர். 1802, 1803ஆம் ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். தாவீதோ அதிக காலம் வாழவில்லை. நஞ்சூட்டப்பட்டார் என்பது அந்த ஊர்களில் இன்றும் சொல்லப்படும் செய்தி. அவருக்கு முன்பே, தஞ்சைச் சீமையிலும் இதேபோல் நடந்திருந்தது. ஐரோப்பிய மிஷனெரிகள் நினைத்தபடி நுழைய முடியாத அந்த ராஜ்யத்தில், அரசரின் படையில் பணிபுரிந்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர், தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1720களில் படித்து, தாமே மிஷனைத் தேடிப் போய், பிறகு தஞ்சைப் பகுதியின் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தார். அச்சிட்ட புத்தகம் மிஷனெரிகளை முந்திக்கொண்டு போயிருந்தது. படித்தவர் அவர்களை அழைத்தார்.

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கதை இன்னும் தெளிவாக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பஞ்சத்தாலும் கடனாலும் கண்டிச் சீமைக்குக் கூட்டங்கூட்டமாகப் போன தொழிலாளர்களில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். மலைமேல் லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகளில் அவர்களே கூடி ஜெபித்தார்கள். 1850களின் நடுவில் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் அமைப்பு உருவாகி, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் கடல் கடந்து போனபோது, அவர்கள் போனது முன்பின் அறியாத இடத்துக்கு அல்ல. தங்கள் சேகரத்து ஆட்கள் மண் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு. அந்த மிஷனின் பெயரில் உள்ள கூலி என்ற சொல் இன்று நம்மை உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். ஆனால் ஊழியத்துக்கு வழிகாட்டியவர்கள் யார் என்பதை அந்தப் பெயர் மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இப்படிச் சொன்னால் இது இடப்பெயர்வின் வரலாறுதானே, கடவுளுக்கு இதில் என்ன வேலை, சிப்பாய்களும் கைம்பெண்களும் தோட்டத் தொழிலாளரும் எங்கே போனார்களோ அங்கே மதமும் போயிற்று என்று முடித்துவிடலாமே என்பார்கள். வரலாற்றெழுத்து கடவுளை நிரூபிக்காது. நிரூபிக்க முயலவும் கூடாது. ஆனால் இந்த விளக்கம் நடந்ததற்குப் போதவில்லை. ஊர் பெயர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கிளாரிந்தாக்கள் மிகச் சிலர். ஒரே லயத்தில் ஒரே பசியோடு வாழ்ந்தவர்களில் சிலர் மட்டும் கூடிப் படித்தார்கள், எழுதினார்கள், ஆள் அனுப்பச் சொன்னார்கள். இடப்பெயர்வு வாய்ப்பைத் தந்தது. அதை அழைப்பாக ஆக்கியது அவர்களுடைய விசுவாசம். விசுவாசியின் பார்வையில் கடவுள் மனிதக் காரணங்களுக்குப் பக்கத்தில் நின்று போட்டியிடும் இன்னொரு காரணமும் அல்ல. பஞ்சத்தின் வழியாகவும், புத்தகத்தின் வழியாகவும், மறுக்கப்பட்ட பெண்ணின் பிடிவாதத்தின் வழியாகவும் அவர் நடத்துகிறார் என்பதுதான் அந்தச் சபைகள் நம்பியது. அந்த நம்பிக்கையை ஏற்காதவர்கூட, அது அவர்களை எப்படி நடந்துகொள்ள வைத்தது என்பதைக் கண்ணெதிரே காணலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பாளையங்கோட்டை ஒரு ராணுவக் கோட்டை. தரங்கம்பாடி ஒரு வர்த்தகக் குடியேற்றம். காப்பித் தோட்டங்கள் வெள்ளையரின் மூலதனம். காலனிய அதிகாரம் போட்ட பாதையில் நடந்துவிட்டு அதைக் கடவுளின் பாதை என்பது சரியா? பாதையை அதிகாரம் போட்டது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே அதிகாரம் தடுத்த இடங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். தரங்கம்பாடி ஆளுநர் ஹாசியுஸ் சீகன்பால்கைச் சிறையிலேயே அடைத்தார். அது 1708இல் தொடங்கி நான்கு மாதம் நீடித்தது. கம்பெனி 1813 வரை மிஷனெரிகளுக்குத் தன் நிலத்தை முறையாகத் திறக்கவில்லை. இலங்கையின் பிரிட்டிஷ் அரசு 1820இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க அச்சுத் தொழிலாளரான காரெட்டை வெளியேற்றியது. புதிய அமெரிக்க மிஷனெரிகள் வருவதற்குப் பல ஆண்டுகள் இடங்கொடுக்கவில்லை. அதிகாரமே விரும்பி அழைத்த இடத்தில் என்ன நேர்ந்தது என்பதற்கு நிக்கோபார் சாட்சி. அந்தத் தீவுகளைக் குடியேற்றமாக்க விரும்பிய டேனிய அரசின் ஆதரவில் மொரேவிய சகோதரர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். 1768இல் நான்கௌரித் தீவில் குடியேறினார்கள். தீவுக்காரர் யாரும் அவர்களை வரச்சொல்லவில்லை. காய்ச்சல் ஒருவர் பின் ஒருவராக அவர்களைக் கொண்டுபோயிற்று, மொழியும் வசப்படவில்லை, 1787இல் எஞ்சியவர்கள் தீவை விட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய தியாகத்தை எண்ணும்போது மனம் கனக்கிறது. ஆயினும் சபை அங்கே வேர்பிடிக்கவில்லை. நூறாண்டுக்குப் பிறகு, 1890களின் நடுவில், சென்னை மாகாணத்தவரான வேதப்பன் சாலமோன் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் குடியேறினார். போர்ட் பிளேயரில் நிக்கோபார்ச் சிறுவர்களைப் பராமரித்து அவர்களுடைய பேச்சும் பழக்கமும் அறிந்திருந்தவர் அவர். அரசின் முகவர் வேலையையும் பள்ளியையும் ஒன்றாக நடத்தினார். அவரிடம் படித்த சிறுவன் ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் தன் மக்களின் பேராயராகவும் இந்தியாவின் முதல் மக்களவையில் உறுப்பினராகவும் ஆனார். சாலமோனும் அரசின் ஆள்தான். அதை நான் ஒதுக்கிப் பேசவில்லை. ஆனால் அவரைத் தீவோடு கட்டிப்போட்டது அரசாணையைவிட அந்தச் சிறுவர்கள்தாம்.

என் வாதத்துக்கு மிகக் கடினமான மறுப்பு வெளியாரிடமிருந்து வருவதல்ல, சபைக்குள்ளிருந்தே வருவது. உறவின் வழியாக, குடும்பத்தின் வழியாக, சொந்தச் சாதியின் வழியாக ஊழியம் போனதென்றால், சாதியும் அதே வண்டியில் ஏறிப் போனது. தாவீது சுந்தரானந்தம் தன் மக்களிடம் போனார். முதலூர் ஒரு சாதியின் ஊராக எழுந்தது. ராஜநாயக்கன் அத்தனை ஆண்டு உழைத்தும் அவருக்குக் குருப்பட்டம் தரப்படவில்லை. அவர் பறையர் என்பதும், மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பதும் அதற்குக் காரணம். 1733இல் முதல் இந்தியப் புராட்டஸ்டண்டுக் குருவாக ஆனவர் வேளாளரான ஆரோன். பாளையங்கோட்டையிலிருந்து சிறுவனாக சுவார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்துப்போய் வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியார், தமிழ்க் கிறிஸ்தவக் கவிதையின் பெரும் ஆளுமை. அவரே சபையில் சாதி வழக்கங்களைக் காக்க எழுதினார். 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சாதிக்கு எதிராகக் கட்டளை அனுப்பியபோது தஞ்சையிலும் சென்னையிலும் சபைகள் பிளந்தன. வரச்சொன்னவர்களின் குரலுக்கு மட்டும் காதுகொடுத்தால், கேட்கத் தெரியாத தூரத்தில் இருப்பவர்களும், கேட்டாலும் நம்மவர் அல்ல என்று விடப்படுகிறவர்களும் என்ன ஆவார்கள்? இந்தக் கேள்வி நியாயமானது. திருநெல்வேலிச் சபை நூறாண்டுக்கு மேல் அதற்குப் பதில் சொல்லாமலே வளர்ந்தது. 1854இல் ராக்லண்ட் என்ற மிஷனெரி கூடாரங்களோடு வட திருநெல்வேலிக்குப் போனபோது தெற்குச் சபைகள் தங்கள் உபதேசியார்களை மாதாமாதம் முறைவைத்து அனுப்பின. நல்ல தொடக்கந்தான், ஆனாலும் அது அதே ஜில்லாவுக்குள், அதே மொழிக்குள்.

பதிலுக்கான தூண்டுதல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அந்தச் சபைக்கு அனுப்பும் பழக்கம் முன்பே இருந்தது. 1834இல் அமெரிக்க மிஷன் மதுரைக்குள் நுழைந்தபோது, இரண்டு மிஷனெரிகளோடு வந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் படித்த மூன்று தமிழர்கள். 1900ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்து மாணவர்கள் சொந்தமாகவே ஒரு மிஷனெரிச் சங்கம் கண்டு, பாக்கு நீரிணைக்கு எதிர்க்கரையில் இருக்கும் தொண்டிக்கு ஆள் அனுப்பினார்கள். 1902இல் யாழ்ப்பாணம் போன வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைப் பார்த்தார். வெள்ளாளன்விளைக் குருவானவரின் மகன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். தம்முடைய சபையைவிடச் சிறிய சபை கடல் தாண்டி ஆள் அனுப்பியிருக்க, திருநெல்வேலி அதுவரை ஒருவரையும் சொந்தப் பணத்தில் வேற்று மொழி மக்களிடம் அனுப்பவில்லையே என்ற வெட்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்பது அதன் அடித்தளம். கிராமப் பெண்கள் உலையில் போடும் முன் எடுத்துவைத்த பிடியரிசியும், பனைத் தொழிலாளரின் காணிக்கையும் அந்தச் சங்கத்தை நடத்தின. இந்தப் பிடியரிசியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஊழியத்துக்குப் போகிற ஒருவரின் தரிசனத்தைச் சோதிக்க இதைவிடக் கடுமையான உரைகல் கிடையாது; தன் வீட்டுச் சோற்றிலிருந்து ஒரு பிடியை நாள்தோறும் எடுத்துவைக்கிற பெண், அந்தத் தீர்மானத்துக்குத் தன் சம்மதத்தையும் சேர்த்தே வைக்கிறாள்.

தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல். தெலுங்கு நாடு. 1904இல் சாமுவேல் பாக்கியநாதன் முதல் மிஷனெரியாகப் போனார். இங்கே என் வாதம் தன் எல்லையைத் தொடுவதை ஒப்புக்கொள்கிறேன். தோர்ணக்கல்லிலிருந்து பாளையங்கோட்டைக்கு எந்தக் கோரிக்கையும் வரவில்லை. அங்கே உறவினர் இல்லை, சேகரத்து ஆட்கள் இல்லை, மொழியும் தெரியாது. எனவே கேட்டவர்களின் குரல் ஒன்றே நடத்துதல் என்று சொல்ல முடியாது. கேட்காதவர்களையும் நினைக்க வைக்கும் வெட்கமும் அதில் சேர்ந்தது. ஆனால் அடுத்து நடந்தது கவனிக்கத்தக்கது. தோர்ணக்கல்லைச் சுற்றி ஊழியம் விரிந்தது தமிழ் மிஷனெரிகளின் திட்டத்தால் அல்ல. மாலா, மாதிகா சேரிகளில் ஒரு வீட்டார் சேர்ந்ததும் பக்கத்து ஊர் உறவினர்கள் உபதேசியார் வேண்டும், பள்ளி வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அனுப்ப ஆள் போதவில்லை. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் சங்கச் செயலாளராக இருப்பது அசரியாவுக்குப் பொறுக்கவில்லை, 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுக் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு கற்று, தோர்ணக்கல்லுக்கே குடும்பத்தோடு போனார். 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாப் பேராலயத்தில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தைச் சொல்வது தன் கடமை என்று வாய்விட்டு அறிக்கையிடும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். ஊழியத்தின் அடுத்த ஊர் எது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த நொடியில் அத்தியட்சரின் கையிலிருந்து சேரிக்காரரின் கைக்கு மாறியது. 1945இல் அவர் இறந்தபோது அந்தத் திருமண்டலத்தில் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். குருக்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர், அந்த மண்ணின் தெலுங்கர்.

தோர்ணக்கல்லை எதிர்த்து எழுந்த குரல்களில் காந்தியினுடையது முக்கியமானது. ஒடுக்கப்பட்ட மக்கள் சமயத்தைச் சீர்தூக்கிப் பார்த்து மாறும் நிலையில் இல்லை, அவர்களுடைய வறுமையை மிஷன்கள் பயன்படுத்திக்கொள்கின்றன என்று 1930களில் அவர் வாதிட்டார். சில மிஷன்களின் நடத்தையைப் பார்க்கும்போது அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. அசரியாவும் மதத்தை அரசியல் கணக்காக்குவதை விரும்பியவரல்ல. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்று வெளிப்படையாக எதிர்த்தவர். ஆனால் மாலா, மாதிகா மக்கள் தாமே சீர்தூக்கிப் பார்க்க இயலாதவர்கள் என்ற முன்முடிவைப் பதிவுகள் தாங்கவில்லை. நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பும், வேலையிழப்பும், அடியும் வரும் என்று தெரிந்தே அவர்கள் கேட்டார்கள். முதலூரை உண்டாக்கியவர்களும் ஜெபக்கூடங்கள் எரிந்த பிறகும் பின்வாங்கவில்லை. கேட்டவரின் கோரிக்கையை அவருடைய சொந்தத் தீர்மானமாக மதிப்பதா, வேறு யாரோ அவர் வாயில் வைத்த பேச்சாக ஒதுக்குவதா என்பதுதான் இந்தச் சர்ச்சையின் மையம். லீதியாளின் வற்புறுத்தலை மதித்துப் பவுல் அவள் வீட்டில் தங்கினார். கிளாரிந்தாவின் வற்புறுத்தலைத் தஞ்சை தாமதமாகவேனும் மதித்தது.

இந்த வரலாற்றை இன்னும் முழுதாக எழுத வேண்டுமென்றால் மூலங்களைப் படிக்கும் முறையை மாற்ற வேண்டியிருக்கும். லண்டனுக்கும் ஜெர்மனியின் ஹாலேக்கும் போன கடிதங்களில் மிஷனெரியின் எண்ணங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவரை வரச்சொன்னவர் பெரும்பாலும் ஒரு வரியில், பல இடங்களில் பெயரே இல்லாமல், நாட்டு உபதேசியார் என்றோ ஒரு கைம்பெண் என்றோ வந்துபோகிறார். பெயர்கள் கிடைக்கும் இடம் வேறு. திருநெல்வேலிச் சேகரங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள், சங்கக் காணிக்கைக் கணக்குகள், கல்லறைக் கல்வெட்டுகள், மலையகத் தோட்டச் சபைகளின் குடும்ப அட்டவணைகள் ஆகியவற்றில் யார் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார், யார் வீட்டில் முதல் ஜெபக்கூட்டம் நடந்தது, யார் முதலில் உபதேசியாரைக் கேட்டார் என்பவை தமிழிலேயே எழுதப்பட்டுக் கிடக்கின்றன. இவற்றில் பலவற்றைக் கரையான் தின்றுகொண்டிருக்கிறது. சேகரந்தோறும் இவற்றைப் படியெடுத்து அச்சிடுவதற்கு இன்று பெரிய செலவு ஆகாது. பிடியரிசியால் ஒரு மிஷனையே நடத்திய திருமண்டலங்களால் இதையும் செய்ய முடியும்.